டைல்ஸ் ஒட்டும் சுவருக்கு எந்தப் பலகை, எதனால் வெட்டுவது?

கனடாவில், டொரன்டோவின் ஸ்காபரோவில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. மேல்மாடிக் குளியலறையில், தொட்டிக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு டைல் லேசாக அசைந்தது. பெருவிரலால் அழுத்தினேன், உள்ளே போய்த் திரும்பி வந்தது. விளிம்பில் சின்ன உளியைக் கொடுத்து நெம்பியதும் டைல் கையோடு வந்துவிட்டது. அதற்குப் பின்னால் இருந்த பச்சை நிற ஜிப்சம் பலகை தேநீரில் தோய்த்த பாண் மாதிரிப் பிய்ந்தது. மேலே காகிதம், உள்ளே கூழ், அதற்கும் உள்ளே கறுத்துப்போன மரச்சட்டம்.

அந்தப் பச்சைப் பலகை ஒரு காலத்தில் வட அமெரிக்காவெங்கும் குளியலறைகளில் போடப்பட்டதுதான். காகிதத்தில் ஈரத்தைத் தாங்கும் பூச்சு இருக்கும். உள்ளே என்னவோ ஜிப்சம்தான். டைல்களுக்கு நடுவே நிரப்பும் கிரவுட் தண்ணீரை முழுதாகத் தடுக்காது, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும். தினமும் நாலு பேர் குளிக்கிற வீட்டில் அந்த ஈரம் காய நேரமே கிடைக்காது. அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதித் தொகுப்பு 2006ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே, தொட்டியையும் ஷவரையும் சுற்றி வரும் டைல்ஸுக்குப் பின்னால் இதைப் போடுவதை நிறுத்திவிட்டது.

ஆகவே எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் பலகை அடிக்க வேண்டிய நிலை. கடைக்குப் போனால் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. ஒன்று, இரண்டு பக்கமும் ஃபைபர் கிளாஸ் வலை பதித்த சீமெந்துப் பலகை: டூரொக், பெர்மாபேஸ் வகை. இரண்டாவது, மரநாரும் சீமெந்தும் மணலும் சேர்த்துச் செய்த நார்ச் சீமெந்துப் பலகை: ஹார்டிபேக்கர் வகை. மூன்றாவது, நடுவில் நுரையும் மேலே தண்ணீர் புகாத உறையும் கொண்ட நுரைப்பலகை: கெர்டி போர்ட் வகை. நம்மவர்களில் பலர் விலைச்சீட்டைப் பார்த்து அந்த இடத்திலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். இரண்டு குளியலறை செய்து முடித்த பிறகு எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. தண்ணீரை எந்த இடத்தில் நிறுத்தப் போகிறீர்கள், பலகையை எந்த இடத்தில் வைத்து வெட்டப் போகிறீர்கள், இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பலகை தானாகவே தேர்வாகிவிடும்.

இடிப்பதற்கு முன் ஒரு சொல். வீடு 1990க்கு முன் கட்டியது என்றால், சுவர்ப் பூச்சிலும் பழைய பலகை இணைப்புகளிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஒரு துண்டை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்து முடிவு வந்த பிறகு சுத்தியலை எடுங்கள். சில நாள் தாமதம்தான்.

தண்ணீர் எங்கே நிற்கும்?

சீமெந்துப் பலகை நனைந்தால் அழுகாது, உப்பாது. அதனால் பலர் அது தண்ணீரைத் தடுக்கும் என்று நினைக்கிறார்கள். தடுக்காது. உறிஞ்சிக்கொண்டு பின்பக்கமாக மரச்சட்டத்துக்குக் கொடுத்துவிடும். நார்ப்பலகையும் அப்படித்தான். இந்த இரண்டில் எதை வாங்கினாலும் தண்ணீரைத் தடுக்கும் படலம் ஒன்று தனியாக வேண்டும். மரச்சட்டத்துக்கு மேல், பலகைக்குப் பின்னால் தடித்த பிளாஸ்டிக் தாளை விரித்து அதன் அடிநுனியைத் தொட்டியின் உதட்டுக்கு மேல் விழ விடுவது ஒரு வழி. பலகையின் முகத்தில் ரெட்கார்ட், அக்வாடிஃபென்ஸ் போன்ற திரவப் படலத்தை இரண்டு தடவை பூசுவது மற்ற வழி. நான் இரண்டாவதன் பக்கம். பலகையே நனையாமல் இருப்பது நல்லதுதானே?

இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள். முன்னால் ஒரு படலம், பின்னால் ஒரு பிளாஸ்டிக் என்றால் நடுவில் மாட்டிய ஈரம் எந்தப் பக்கமும் போக முடியாது. எங்கள் தொட்டியின் மூன்று சுவர்களும் வீட்டுக்கு உள்ளே இருப்பவை, அதனால் சிக்கலில்லை. உங்களுடையது வெளிச்சுவர் என்றால், குளிருக்காக இன்சுலேஷன் மேல் ஏற்கெனவே பிளாஸ்டிக் இருக்கும். அந்தச் சுவருக்கு என்ன செய்வது என்று நகரசபைக் கட்டடப் பரிசோதகரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

நுரைப்பலகை இங்கேதான் முந்துகிறது. அதுவே தண்ணீரை உள்ளே விடாது. இணைப்புகளையும் திருகாணித் தலைகளையும் அந்தக் கம்பனி சொல்லும் நாடாவாலோ சீலன்டாலோ மூடினால் போதும். முழுச் சுவருக்கும் படலம் பூசி, காய்ந்து, மறுபடி பூசும் நாள் மிச்சம். ஆனால் ஒரே ஒரு திருகாணித் தலையை மூட மறந்தாலும் அந்த இடம் ஓட்டைதான்.

கத்தியா, கிரைண்டரா?

எங்கள் குடும்பத்தில் சண்டை வந்ததே இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெரியம்மாவின் மகன் அண்ணா இருபது வருடமாக டைல்ஸ் வேலை செய்கிறவர். முதல் பலகையை வெட்ட நான், வட்டு சுழன்று வெட்டும் கிரைண்டரை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுக்குள்ள இதைப் போட்டியெண்டா பிள்ளையளின்ர படுக்கை வரைக்கும் சீமெந்து போகும்" என்றார். அது மிகை இல்லை. வைர வட்டு போட்ட நாலரை அங்குல கிரைண்டர் இந்தப் பலகையை வெண்ணெய் மாதிரி வெட்டும். எல் வடிவம், மூலை, எதுவும் அதற்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அது பலகையைத் தூளாக்கித்தான் வெட்டுகிறது. அந்தத் தூளில் படிக சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசு தரையில் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாதது மணிக்கணக்கில் காற்றில் நின்று நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். அதனால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் வந்தால் திருப்ப முடியாது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான ஓஷா 2016இல் வைத்த எல்லை, எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். மூடிய அறையில் கிரைண்டரால் உலர்ந்த பலகையை வெட்டினால் காற்றில் தூசு அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடும்.

இந்த ஊரில் இன்னொன்றும் இருக்கிறது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடிக்கொண்டே இருக்கும். குளியலறைக்கு வெளியே நடைபாதையில் உள்ள துவாரம் அந்தத் தூசை இழுத்து வீடு முழுக்கப் பங்கு போட்டுவிடும். எந்தக் கருவியாக இருந்தாலும் அந்தத் துவாரங்களைப் பிளாஸ்டிக்கால் மூடிவிட்டு, வேலை நடக்கிற நேரம் ஃபர்னஸ் விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

அண்ணா தந்தது கார்பைட் முனை வைத்த கீறும் கத்தி. வெறும் கைப்பிடியும் ஒரு பல்லும்தான். சாதாரணப் பெட்டிக் கத்தியும் வெட்டும், ஆனால் ஒரு பலகைக்கே இரண்டு அலகு மழுங்கிவிடும். பலகையைத் தரையில் இரண்டு மரக்கட்டைகள் மேல் போட்டு, டி வடிவ அளவுகோலைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கீற வேண்டும். முதல் தடவை நான் முழு பலத்தையும் கொடுத்தேன். கத்தி கோட்டை விட்டு விலகி ஓடியது. "அமத்தாதை. முதல் கோட்டை மட்டும் காட்டு, மிச்சத்தைக் கத்தி பாக்கும்" என்றார். அப்படியே செய்தேன். முதல் கீறல் வெறும் வழி காட்டல். இரண்டாவது, மூன்றாவதில் சத்தம் மாறுகிறது. சொரசொரவென்று கேட்டது திடீரென ஒரு நூல் அறுபடுகிற மாதிரி ஆகிறது. வலை வெட்டுப்பட்டுவிட்டது என்று அர்த்தம். இன்னும் இரண்டு கீறல். பிறகு பலகையை நிமிர்த்தி, கீறலுக்குப் பின்னால் முழங்காலை வைத்து இழுத்தால் ஒரே சத்தத்தோடு முறிகிறது. பின்பக்க வலை மட்டும் கீல் மாதிரித் தொங்கும். அதையும் கத்தியால் அறுத்துவிட வேண்டியதுதான். தரையில் மிஞ்சியது இரண்டு கைப்பிடித் துருவல், அவ்வளவுதான். ஈரத் துணியால் அள்ளிவிட்டோம். உலர்ந்த தும்புத்தடியால் கூட்டக் கூடாது.

முறிந்த விளிம்பு கரடுமுரடாகத்தான் இருக்கும். உடைந்த துண்டு ஒன்றாலேயே தேய்த்துவிடலாம். மூலைக்குள்ளேயும் தொட்டிக்கு மேலேயும் இடைவெளி விடத்தான் போகிறோம், அதனால் கிரைண்டர் தருகிற நேர்த்தி இங்கே தேவையே இல்லை.

கத்திக்கு முடியாதது இரண்டு: எல் வடிவ வெட்டு, வட்டத் துளை. எல் வடிவத்துக்குக் கார்பைட் அலகு போட்ட ஜிக்சா நல்லது. மெதுவாகப் போகும், தூசு வரும், ஆனால் கிரைண்டர் அளவுக்கு இல்லை. வாக்யூமின் வாயை அலகுக்குப் பக்கத்தில் ஒருவர் பிடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கராஜில், கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். குழாய்க்கான சின்னத் துளைக்குக் கார்பைட் வட்ட வாள் போதும். ஷவர் வால்வுக்கான பெரிய துளைக்கு அண்ணா காட்டியது எனக்கு மிகவும் பிடித்தது: இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வட்டம் வரைந்து, இரண்டு பக்க வலையையும் கத்தியால் கீறி, நடுவில் சுத்தியலால் மெல்லத் தட்டுகிறார். உள்ளே உள்ள சீமெந்து பொரிவிளாங்காய் மாதிரி உதிர்ந்து விழுகிறது. வட்டம் சுத்தமாக இல்லை, ஆனால் வால்வு மூடி அதை மறைத்துவிடும்.

நான் விட்ட பிழையையும் சொல்லிவிடுகிறேன். துளையின் உயரத்தைத் தொட்டியின் உதட்டிலிருந்து அளந்தேன். ஆனால் பலகை அந்த உதட்டில் உட்காராது. கால் அங்குலம் மேலே நிற்கும். அதனால் துளை கால் அங்குலம் மேலே போய்விட்டது. பலகை நிற்கப்போகிற இடத்தில் முதலில் ஒரு துண்டு மரத்தை வைத்து, அதற்கு மேலிருந்து அளந்தால் இந்தக் குழப்பம் வராது.

நார்ப்பலகை கத்திக்கும் முறியும், ஆனால் கெட்டி. உள்ளே வலை இல்லை, முழுக்க ஒரே பொருள் என்பதால் விளிம்பு உதிராமல் அழகாக வரும். ஒல்லியான துண்டு வெட்டினால் மட்டும் கோட்டை விட்டு உடையும். அதற்கென்றே மின் கத்தரி இருக்கிறது. வாடகைக்கும் கிடைக்கிறது. தூளாக்காமல் கடித்துக்கொண்டே போவதால் தூசு மிகக் குறைவு. ஒரு நாளில் இரண்டு மூன்று குளியலறை செய்கிற ஆட்கள் இதை விரும்புவதில் ஆச்சரியமில்லை. நுரைப்பலகை பற்றி ஒரே வரி போதும்: பெட்டிக் கத்தி, இரண்டு இழுவை, தூசு இல்லை.

எதைச் செய்தாலும் முகமூடி வேண்டும். கத்திக்கு என்95 போதும். ஜிக்சா, கிரைண்டர் என்றால் வடிகட்டி மாற்றுகிற பி100 அரைமுக மாஸ்க். துணி மாஸ்க் எதற்கும் ஆகாது.

தூக்குவதும் பொருத்துவதும்

மூன்றுக்கு ஐந்து அடி, அரை அங்குலச் சீமெந்துப் பலகை ஒன்று வகையைப் பொறுத்து 14 முதல் 20 கிலோ வரும். அந்த அளவு வீணாக வந்ததல்ல. இங்கே சாதாரணத் தொட்டியின் நீளம் ஐந்து அடி. இரண்டு பலகையைக் குறுக்காக ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் பின்சுவர் ஆறடி உயரத்துக்கு வெட்டில்லாமலே முடிந்துவிடும். இரண்டு பக்கச் சுவருக்கும் ஒவ்வொரு பலகையை நிமிர்த்தி வைத்து, மேலே ஓர் அடித் துண்டு சேர்த்தோம். மொத்தம் ஐந்து பலகை. நார்ப்பலகையும் ஏறத்தாழ இதே பாரம்தான். நுரைப்பலகையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம்.

தடிப்பில் ஒரு பொறி இருக்கிறது. அரை அங்குலம் என்று எல்லோரும் சொல்லும் ஹார்டிபேக்கர் உண்மையில் 0.42 அங்குலம். பக்கத்தில் இருக்கிற ட்ரைவோல், அதாவது சாதாரண ஜிப்சம் சுவர்ப் பலகை, சரியாக அரை அங்குலம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் படி விழும். பெரிய டைல் ஒட்டினால் அது கண்ணில் குத்தும். மரச்சட்டத்தில் மெல்லிய அட்டைப் பட்டை வைத்து முன்பே சமப்படுத்துங்கள்.

சட்டம் நேராக இல்லாவிட்டால் எந்தப் பலகையும் அதை நேராக்காது. ஆறடி நீர்மட்டக் கருவியைச் சட்டங்களுக்குக் குறுக்கே வைத்துப் பாருங்கள். டைலின் ஒரு பக்கம் 15 அங்குலமோ அதற்கு மேலோ என்றால் பத்து அடிக்கு எட்டில் ஓர் அங்குலத்துக்கு மேல் வளைவு இருக்கக் கூடாது. சின்ன டைலுக்குக் கால் அங்குலம் வரை பரவாயில்லை. எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வயிறு தள்ளி நின்றது. சீவித் தள்ள அரை நாள் போனது. அந்த அரை நாள் வீண் போகவில்லை.

ஆணியா திருகாணியா என்று கேட்டால், கல்வனைஸ் செய்த கூரை ஆணியைக் கம்பனிகளே ஏற்றுக்கொள்கின்றன. ஆனாலும் நான் அடிக்க மாட்டேன். ஒவ்வொரு அடிக்கும் சுவருக்கு மறுபக்கம் அறையின் ட்ரைவோல் அதிர்ந்து பழைய ஆணித் தலைகள் வெளியே எட்டிப் பார்க்கும். பலகை விளிம்பும் உதிரும். சீமெந்துப் பலகைக்கென்றே வரும் ஒன்றேகால் அங்குலத் திருகாணி வாங்குங்கள். துருப்பிடிக்காத பூச்சும், தலைக்கு அடியில் பலகையைக் குடைந்து உட்காரும் பற்களும் அதில் இருக்கும். கறுப்பு ட்ரைவோல் திருகாணி மலிவுதான், ஆனால் ஈரத்தில் துருப்பிடிக்கும், இறுக்கும்போது தலை முறியும். தலை சதுரத் துளையாக இருந்தால் இன்னும் நல்லது, பிட் வழுக்காது. ரொபட்சன் என்பவர் 1909இல் கனடாவில் காப்புரிமை பெற்ற வடிவம் அது. அவருடைய தொழிற்சாலை இங்கே பக்கத்திலேயே, மில்டனில் இருந்தது.

சட்டங்கள் நடுவிலிருந்து நடுவுக்கு 16 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு சட்டத்திலும் 8 அங்குலத்துக்கு ஒரு திருகாணி. விளிம்பிலிருந்து குறைந்தது எட்டில் மூன்று அங்குலமும் மூலையிலிருந்து இரண்டு அங்குலமும் உள்ளே தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் மூலை உடைந்து கையில் வரும். தட்டித் தட்டி இறுக்கும் இம்பாக்ட் டிரைவரை விட்டு, அளவோடு இறுக்கி நிற்கும் கிளட்ச் உள்ள சாதாரண டிரில்லை எடுங்கள். திருகாணித் தலை பலகையின் முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். வலையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போன திருகாணி எதையும் பிடிப்பதில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று போட்டே ஆக வேண்டும். நுரைப்பலகைக்குத் திருகாணியோடு அகன்ற வட்டத் தகடும் தேவை.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே எட்டில் ஓர் அங்குல இடைவெளி விட்டு, டைல் ஒட்டும் சீமெந்துக் கலவையான தின்செட்டால் நிரப்பி, காரத்தைத் தாங்கும் ஃபைபர் கிளாஸ் நாடாவை அதில் பதியுங்கள். ட்ரைவோல் நாடா வீட்டில் கிடக்கிறதே என்று அதை ஒட்டிவிடாதீர்கள். சீமெந்தின் காரம் அதைத் தின்றுவிடும். பிறகு அதே கோட்டில் கிரவுட் வெடிக்கும்.

நார்ப்பலகை வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது: டைல் ஒட்டும் முன் முகத்தை ஈரப் பஞ்சால் துடையுங்கள். அது தாகமான பலகை. முதல் குளியலறையில் ஒரு சுவருக்கு, படலம் தேவைப்படாத பக்கத்தில், இதைச் செய்யாமல் ஒட்டினேன். தின்செட்டில் இருந்த தண்ணீரைப் பலகை குடித்துவிட்டது. மறுநாள் ஒரு டைலை மாற்றக் கழற்றியபோது தின்செட் முழுவதும் டைலின் முதுகில் இருந்தது, பலகை துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

யாருக்கு எது?

சொந்த வீடு, சாதாரணத் தொட்டிச் சுவர், தூக்க இன்னொருவர், வாரக்கடைசி இரண்டு: வலை பதித்த சீமெந்துப் பலகை, கீறும் கத்தி, முகத்தில் திரவப் படலம். மூன்றிலும் மலிவான சேர்க்கை இதுதான், பிழை விட்டாலும் திருத்தலாம். ரெட்கார்ட் பூசும்போது இளஞ்சிவப்பாக இருக்கும், காய்ந்தால் கடும் சிவப்பு. ஒரு மூலையாவது இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் கை வைக்காதீர்கள்.

கோடைகாலம், பின்வளவில் வெட்ட இடம், மின் கத்தரி, நிறையச் சுவர்: நார்ப்பலகை நன்றாக வேலை செய்யும். ஒரே ஒரு குளியலறைக்காக அதைத் தேடிப் போக வேண்டாம் என்பது என் கருத்து.

காண்டோ எனும் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள், தனியாகச் செய்கிறவர்கள், சுவருக்குள் சோப்பு வைக்கும் மாடமும் உட்காரும் திண்ணையும் கட்டப் போகிறவர்கள் நுரைப்பலகைக்கே போகலாம். ஒரே பரப்புக்கு விலை இரண்டு மடங்குக்குக் குறையாது. ஆனால் படலம் வாங்கும் காசு மிச்சம், மின்தூக்கியில் 20 கிலோப் பலகையோடு அல்லாடத் தேவையில்லை, பக்கத்து வீட்டுக்குக் கிரைண்டர் சத்தமும் கேட்காது.

குசினியில் அடுப்புக்குப் பின்னால் டைல்ஸ் மட்டும்தான் என்றால் இது எதுவும் வேண்டாம். இருக்கிற ட்ரைவோல் திடமாக இருந்தால் அதன் மேலேயே ஒட்டலாம்.

வருகிற மார்கழியில் நிலக்கீழ்த் தளத்தில் அப்பா அம்மாவுக்கு ஒரு ஷவர் கட்டுகிறேன். அங்கே ஜன்னல் ஒன்றுதான், அதுவும் சின்னது. ஃபர்னஸ் பக்கத்து அறையிலேயே இருக்கிறது. அப்பாவுக்கு ஏற்கெனவே இழுப்பு. கணக்குப் போட்டுப் பார்த்ததில் நுரைப்பலகைக்குக் கூடுதலாகச் சில நூறு டொலர் போகும். வாங்கிவிட்டேன்.